பெரிய எழுத்தா பெருமை?

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேற்றுமை இல்லை. இதைக் குறையெனக் கருதுவோர் தமிழாசிரியரிடையேயும் உளர். அதனால்தானோ என்னவோ, ஆங்கிலம் எழுதப் புகுந்த நம் மாணவர் கல்லூரி, பட்டம், பேராசிரியர் ஆகிய சொற்கள் எங்கு வரினும் முதலெழுத்தைப் பெரிதாக்கிவிடுகின்றனர். மதிப்பாம்! ஆங்கில மரபு இங்கு நோக்குவது மதிப்பையன்று, பெயரை. ஒருவர் பெயருக்கு முன் 'புரொபசர்' நின்றால் பெரிய எழுத்து. பேராசிரியர் ஒருவர் எனப் பொதுவாகச் சுட்டினால் சிறிய எழுத்து. மலாயாப் பல்கலைக்கழகம் என முழுப்பெயர் கூறுமிடத்துப் பெரிது. பல்கலைக்கழகம் எதையேனும் பொதுவாகக் குறித்தால் சிறிது. மலாய்மொழி நெறியும் ஏறக்குறைய இதுவே.

தமிழோ மதிப்பை எழுத்தின் உருவில் வைக்கவில்லை. சொல்லின் ஈற்றில் வைத்தது. 'ஆசிரியர் வந்தார்' என்னுமிடத்து 'அர்', 'ஆர்' என்னும் ஈறுகளே அப்பணியைச் செய்துவிடுகின்றன. தொல்காப்பியப் பொருளதிகாரத்திற்கு உரைகண்டாருள் ஒருவரைப் பேராசிரியர் என்றே தமிழுலகம் அறியும். அங்கு அது பெயர் என்பதை இடம் நோக்கிப் படிப்பவன் உணர்வான். பெரிய எழுத்தைத் தேடான்.

இஃதிருக்க, விழா அழைப்பிதழ்களில் பட்டங்களை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிடுவதும், 'டாக்டர் முனைவர்' என ஒரே பட்டத்தை இருமுறை சூட்டுவதும் எற்றுக்கு? இரு மரபையும் கரும்பலகையில் அருகருகே எழுதி விளக்க ஒரு பாடவேளை போதும். அதைச் செய்ய வேண்டியவர்களே அழைப்பிதழ்க்கு மெய்ப்புத் திருத்துகின்றனர்!