‘இந்த முறை பாஸ் பர்சன்டேஜ் எவ்வளவு வரும்?’ சி.ஏ. ஃபைனல் எழுதுபவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல!

சி.ஏ. ஃபைனல் கடைசி பேப்பர் முடிந்த அன்றே கணிப்புகள் கிளம்பிவிடும். “பேப்பர் டஃப், அதனால தாராளமா திருத்துவாங்க” என்பார் ஒருவர். “போன முறை நிறைய பேர் பாஸ், இந்த முறை இறுக்கிப் பிடிப்பாங்க” என்பார் இன்னொருவர்.

ஆர்ட்டிகிள்ஷிப் முடித்து, ஃபைனல் பாக்கி இருக்க, ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் ஏதோ ஒரு ஆலையின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை பார்ப்பவருக்கு இது வெறும் டீக்கடைப் பேச்சு இல்லை. இந்த அட்டெம்ப்ட் எழுதலாமா, தள்ளிப்போடலாமா, ஒரு குரூப்பா, ரெண்டா என்பதை இந்தக் கணிப்பை நம்பி முடிவு செய்தால் மாதங்கள் வீணாகும்.

எண்கள் என்ன சொல்கின்றன?

இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களின் தேர்ச்சி விகிதம் இது:

நவம்பர் 2023: 9.42%
மே 2024: 19.88%
நவம்பர் 2024: 13.44%
மே 2025: 18.75%

ஆறே மாதத்தில் 9-லிருந்து 20-க்குத் தாவியிருக்கிறது. மாணவர்கள் திடீரென்று இரண்டு மடங்கு புத்திசாலி ஆகிவிடவில்லை. மே 2024-ல் புதிய பாடத்திட்டம் வந்தது, எட்டு பேப்பர் ஆறானது. சரி, அதனால்தான் ஏறியது என்றால், அதே பாடத்திட்டத்தில் அடுத்த முறை ஏன் 13-க்கு இறங்கியது?

“மே ஈஸி, நவம்பர் கஷ்டம்” என்று சொல்லத் தோன்றும். ஆனால் 2025 முதல் ஃபைனலும் ஜனவரி, மே, செப்டம்பர் என வருடத்துக்கு மூன்று முறை. பழைய பேட்டர்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மாறாதது எது?

ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம். இந்த விதி மட்டும்தான். இத்தனை சீட்தான் என்ற கணக்கு இங்கே இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் பாஸ் ஆவதால் உங்களுக்கு நஷ்டமும் இல்லை.

ஒரு குரூப்பில் மூன்று பேப்பர், 300-க்கு 150 வேண்டும். இரண்டில் 40, 40 வாங்கினால், மூன்றாவதில் 70 எடுத்தாக வேண்டும். இரண்டு குரூப்பும் சேர்த்து எழுதினால், ஒன்றில் 170 வாங்கி இன்னொன்றின் 130-ஐ ஈடுகட்டலாம். எந்த குரூப் எழுதுவது என்பதற்கு உங்கள் மாக் டெஸ்ட் மதிப்பெண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

திருத்துவதில் தாராளம், கண்டிப்பு இருக்கவே இருக்காதா? இருக்கலாம். ஆனால் அது தேர்வுக்கு முன்னால் உங்கள் கைக்கு வரும் தகவல் இல்லை.

உண்மையான எதிரி காலண்டர்

மே 2025 ஃபைனல் 2-ஆம் தேதியே தொடங்கியது. அதற்கு முந்தைய ஏப்ரல் முழுக்க ஆலையில் வருடாந்திரக் கணக்கு முடிப்பு, ஆடிட், ஸ்டாக் சரிபார்ப்பு. 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி 3பி. ஜனவரி தேர்வுக்கு முன்னால் டிசம்பர் காலாண்டு முடிப்பு. வீட்டில் உட்கார்ந்து நாலு மாசம் படித்தவரும், கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி ராத்திரி ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் திறப்பவரும் ஒரே சதவீதத்துக்குள் அடங்கியிருக்கிறார்கள். அந்தச் சராசரி இருவரில் யாருடைய வாய்ப்பையும் சொல்லாது.

எனவே இரண்டு கோரிக்கைகள். ரிசல்ட் அறிவிப்பில் எழுதியவர்கள், தேறியவர்கள் எண்ணிக்கையோடு நிற்காமல், முதல் அட்டெம்ப்ட்டில் எத்தனை பேர், வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்கள் எத்தனை பேர் என்றும் ஐ.சி.ஏ.ஐ. பிரித்துச் சொல்லலாம். தகவல் குறையும் இடத்தில்தான் வதந்தி வளர்கிறது. நாளைக்குத் தங்களுக்கே ஒரு சி.ஏ. கிடைப்பார் என்பதால், தேர்வுக்கு முன் சம்பளத்துடன் சில வார விடுப்பு தருவது கம்பெனிகளுக்கும் லாபம்தான்.

அதுவரை, அடுத்த அட்டெம்ப்ட்டுக்கு ஃபீஸ் கட்டும் முன் உங்கள் மேனேஜரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: “சார், எக்ஸாமுக்கு முன்னாடி எனக்கு எத்தனை நாள் லீவ் கிடைக்கும்?” பாஸ் பர்சன்டேஜ் கணிப்பைவிட அந்தப் பதில்தான் உங்களுக்கு உதவும்.