கண்ணியம் கேட்டுப் பெறுவதல்ல!



‘கடமை, கண்ணியம், கட்டுப்பாடு’ என்று அறிஞர் அண்ணா தந்த மூன்று சொற்களைச் சுவர்களில் படித்து வளர்ந்தவர்கள் நாம். அவற்றில் நடுவில் நிற்கும் சொல்லை நம் சமுதாயம் ஒரு மனிதரின் பெயரோடு சேர்த்தே உச்சரித்து வருகிறது. ‘கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத்’ என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்த அடைமொழிக்கு அவர் கொடுத்த விலை என்ன என்று என்றாவது சிந்தித்தோமா?

1896 ஜூன் 5இல் திருநெல்வேலி பேட்டையில் பிறந்தவர் முஹம்மது இஸ்மாயில் சாகிப். 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பு வந்தபோது பட்டப்படிப்பைத் துறந்து வெளியே வந்தார். தோல் வணிகத்தில் நுணுக்கமான அனுபவம் உள்ளவர். செல்வம் சேர்ப்பதே குறிக்கோள் என்றால் அவருக்கு வழி இருந்தது. ஆனால் பொதுவாழ்வையே தம் கடமையாக ஏற்றார்.

அந்தக் கடமை எளிதானதா? பிரிவினைக்குப் பின் தங்கள் எதிர்காலம் என்னவோ என்று முஸ்லிம்கள் கலங்கி நின்ற காலம் அது. 1948 மார்ச் 10இல் சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அன்று அந்த நாற்காலி புகழ் தரும் நாற்காலி அல்ல. சந்தேகத்தையும் ஏச்சையும் சுமக்கும் நாற்காலி.

அரசியல் நிர்ணய சபையிலும் அப்படித்தான். 1948 நவம்பர் 23இல் தனியார் சட்டப் பாதுகாப்புக்காக அவர் கொண்டுவந்த திருத்தத்தைச் சபை ஏற்கவில்லை. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் நடந்தபோது, தொன்மைதான் அளவுகோல் என்றால் தமிழுக்கே அந்தத் தகுதி உண்டு என்று வாதாடினார். அதுவும் ஏற்கப்படவில்லை. தோற்றவர் கோபித்துக்கொண்டு வீட்டில் முடங்கினாரா? இல்லை. சபை வகுத்த அதே சட்டத்தின்கீழ் 1952இல் மாநிலங்களவைக்குச் சென்றார். பின்னர் 1962, 1967, 1971 என மூன்று முறை கேரளத்தின் மஞ்சேரி மக்கள் அவரை மக்களவைக்கு அனுப்பினார்கள். நெல்லைத் தமிழரை மலபார் மக்கள் தம்மவராக ஏற்றார்கள் என்றால், அது சுவரொட்டியால் வந்த மரியாதையா?

இவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தவர் குரோம்பேட்டையில் எளிமையாக வாழ்ந்தார். எலக்ட்ரிக் ட்ரெயினில் சாமானிய மக்களோடு அமர்ந்து பயணம் செய்வார் என்று அவரைக் கண்டவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். 1972 ஏப்ரல் 5இல் இறையடி சேர்ந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் துயில்கிறார். பணிவு என்பது வலுவற்றவன் குனிவது அல்ல. நிமிர்ந்து நிற்கக் கூடியவன் தன்னைத் தாழ்த்திக்கொள்வது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

சகோதரர்களே! இனி நம் பக்கம் திரும்புவோம். கும்மிடிப்பூண்டி எலக்ட்ரிக் ட்ரெயினில் தினமும் ஏறி இறங்கும் நாம் எப்படி இருக்கிறோம்?

சிப்காட் ரோலிங் மில்களில் உலைச் சூட்டில் வேகும் பிள்ளைகளில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் நம் சகோதரர்களும் உண்டு. ஜும்ஆவில் நம் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். ஸலாம் கொடுத்துப் பள்ளியின் படி இறங்கியதும் அதே பிள்ளையை ‘டேய்’ என்று அழைக்கும் நாவு எந்த ஸஃப்பில் நின்று தொழுதது? அவன் நம் மார்க்கத்தவன் அல்ல என்றால் மட்டும் அப்படி அழைக்கலாமா? காண்ட்ராக்ட் எடுக்கும் நம்மவர்களே, கம்பெனியில் பில் பாஸ் ஆகவில்லை என்று அவன் கூலியை மாதக் கணக்கில் இழுத்தடிப்பது நியாயமா? உழைத்தவன் கூலியைத் தாமதிக்காதே என்றல்லவா நம் மார்க்கம் கற்பித்தது? பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு ஹஜ்ஜுக்குப் பயணம் சொல்லிக்கொள்வது எந்தக் கணக்கில் சேரும்?

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சூபர்வைசர் திட்டினான், வாடகைக்கு வீடு மறுத்தான் என்று மனம் கொதிக்கிறீர்கள். அந்த வலி நியாயமானது. அநீதியைத் தட்டிக் கேளுங்கள்; சட்டப்படி கேளுங்கள்; நாவைக் காத்துக் கேளுங்கள். ஆனால் பேனரில் பெரிய படம் போட்டாலும், ஜமாஅத் கூட்டத்தில் முன் நாற்காலிக்குச் சண்டையிட்டாலும் இழந்த கண்ணியம் திரும்பாது. ஷிப்டுக்கு நேரத்தில் நில்லுங்கள். கற்ற தொழிலில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்று பெயரெடுங்கள். பக்கத்தில் கை காயம்பட்டு நிற்பவனுக்கு, அவன் எந்த மொழி பேசினாலும், முதலில் ஓடுபவர் நீங்களாக இருங்கள். அப்போது கண்ணியம் உங்கள் வாசல் தேடி வரும்.

காயிதே மில்லத்தின் பெயரைத் தெருவுக்கும் கல்லூரிக்கும் சூட்டினோம். ஒரு மாவட்டத்துக்கும் ஒரு காலத்தில் அந்தப் பெயர் இருந்தது. மாவட்டத்தின் பெயர் மாறியது, பலகைகளும் மாறலாம். அவர் நடந்த வழியில் நடப்பவர் நம் ஊர்களில் இருக்கும்வரை அவர் பெயருக்கு அழிவில்லை.

இந்த வாரச் சம்பளத்தை யாருக்கு இன்னும் கொடுக்காமல் வைத்திருக்கிறோம்? அதிலிருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்!