ஷ்ரூஸ்பெரி ஊரில் ஓட்ஸ் பிஸ்கட்

புனே கேம்ப் பகுதியின் ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் கயானி பேக்கரி முன்னால் வரிசை நிற்காத நாள் அபூர்வம். 1955-ல் ஓர் ஈரானியக் குடும்பம் தொடங்கிய கடை அது. வெண்ணெய் மணக்கும் ஷ்ரூஸ்பெரி பிஸ்கட்டும் மாவா கேக்கும்தான் அதன் அடையாளம். இப்படிப்பட்ட ஊரில் கொலஸ்ட்ரால் அளவைக் காட்டும் லிப்பிட் புரொஃபைல் தாளைப் பார்த்த டாக்டர், "பேக்கரி ஐட்டத்தைக் குறைங்க" என்றால் சாயங்கால டீயே கசந்துவிடும்.

ஓட்ஸ் பிஸ்கட் அந்த டீக்கு நல்ல துணைதான். ஆனால், அளவு முக்கியம்.

ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. குடலில் அது கொழகொழவென்று மாறி, பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு கழிவோடு வெளியேறுகிறது. புதிய பித்த அமிலம் தயாரிக்கக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. இப்படி ரத்தக் கொலஸ்ட்ரால் குறைய ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் தேவை என்று 1997-லேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வரையறுத்தது. கிட்டத்தட்ட 70, 75 கிராம் ஓட்ஸில் அது கிடைத்துவிடும்.

அதற்குப் பத்து வருடம் முன்பு அமெரிக்காவில் ஓட்ஸ் தவிடு மஃபின் மோகம் தலைவிரித்தாடியது. இதய நோயாளியான பத்திரிகையாளர் ராபர்ட் கோவால்ஸ்கி 1987-ல் எழுதிய புத்தகம் அதற்குத் தூபம் போட்டது. 1990 ஜனவரியில் வந்த ஒரு சிறிய ஆய்வு, ஓட்ஸ் தவிட்டில் தனிச் சிறப்பு எதுவும் இல்லை என்றதும் மோகம் பொசுக்கென்று அடங்கியது. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பலன் உண்மை, ஆனால் அடக்கமானது என்று தெளிவானது. 2017-ல் வெளியான டெல்லி ஆய்வில் தினமும் 70 கிராம் ஓட்ஸ் சாப்பிட்டவர்களுக்கு நான்கே வாரத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் சுமார் 8 சதவீதம் குறைந்தது.

ஆகவே, காலையில் 40 கிராம் ஓட்ஸைக் கஞ்சியாகவோ உப்புமாவாகவோ சாப்பிட வேண்டும். மீதி 30 கிராமுக்கு மூன்று பிஸ்கட்.

இருபது பிஸ்கட்டுக்கு 200 கிராம் ரோல்டு ஓட்ஸ். அதில் பாதியை மிக்சியில் பொடியுங்கள். நன்கு கனிந்த இரண்டு வாழைப்பழம், வெந்நீரில் ஊறவைத்து அரைத்த எட்டு பேரீச்சம்பழம், நான்கு மேசைக்கரண்டி கடலை எண்ணெய், ஒரு கைப்பிடி நறுக்கிய வால்நட், இரண்டு கரண்டி வறுத்த ஆளிவிதை, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசையுங்கள். மகாராஷ்டிர வீடுகளில் சட்னிக்கு இடிக்கும் ஜவஸ்தான் இந்த ஆளிவிதை. கால் மணி நேரம் ஊறவிட்டால் மாவு உருட்ட வரும். விரல் கனத்துக்குத் தட்டி, 170 டிகிரியில் இருபது நிமிடம் வைத்தால் ஓரம் சிவக்கும். சுடச்சுட எடுத்தால் உடையும். ஆறிய பிறகு தட்டிலிருந்து எடுங்கள்.

கோதுமை மாவு சேர்க்காததற்குக் காரணம் உண்டு. மாவு நெடுநேரம் புளிக்கும் ரொட்டியில், கோதுமையில் உள்ள நொதிகள் பீட்டா குளுக்கானைச் சிதைத்துவிடும். கோதுமை சேராத, புளிக்கவைக்காத இந்தப் பிஸ்கட்டில் அந்த இழப்பு குறைவு.

கடையில் வாங்குபவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். முன்பக்கம் ஓட்ஸ் என்றும் பின்பக்கம் மைதா, சர்க்கரை, பாமாயில் என்றும் இருந்தால் அது சாதாரண பிஸ்கட்தான். டிரான்ஸ் கொழுப்பு மொத்தக் கொழுப்பில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 முதல் விதி இருக்கிறது. பாமாயிலில் உள்ள நிறைவுற்ற கொழுப்புக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பிஸ்கட்டை நம்பி அதை நிறுத்திவிடக் கூடாது. இரண்டையும் ஆறு வாரம் தொடர்ந்த பிறகு மறுபடி ரத்தப் பரிசோதனை செய்து, அந்தத் தாளோடு டாக்டரைப் பார்ப்பது நல்லது.