உழவர்க்கும் வேண்டும் கணிப்பொறிக் கல்வி

புதுவை நகரின் ஒரு பகுதி உப்பளம். உப்பு விளைக்கும் இடமே உப்பளம் எனப்படும். வெயிலையும் காற்றையும் அறிந்து செய்யவேண்டிய தொழில் அது. மழை வருவதை முன்னறியாதவன், விளைந்த உப்பை நீரில் இழப்பான். உழவனும் அத்தகையவனே. காலத்தே கிட்டும் செய்தி அவனுக்கு விதையும் எருவும் போன்றது அன்றோ?

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன். அவர் 1988-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், 1998-ஆம் ஆண்டில் புதுவைச் சிற்றூர்களில் செய்தி நிலையங்களை அமைக்கத் தொடங்கிற்று. வில்லியனூர் அவற்றிற்கு நடுநிலையமாக விளங்கிற்று. தொலைபேசி வசதி குன்றிய ஊர்களுக்கு வானொலி அலை வழியே செய்தி சென்றது. மின்சாரம் தடைப்பட்டபோது கதிரொளியால் பெற்ற மின்னாற்றல் உதவிற்று. சாதி வேறுபாடின்றி எவரும் நுழையத்தக்க பொது இடத்தை ஊரார் தருதல் வேண்டும் என்பது நிபந்தனை. ஏம்பலத்தில் கோயிலைச் சார்ந்த இடத்திலேயே நிலையம் அமைந்தது. அதனை நடத்தியோர் அவ்வூர் மகளிர்.

ஊரார்க்கு வேண்டுவன யாவை எனக் கேட்டறிந்த பின்னரே செய்திகள் தொகுக்கப்பட்டன. விளைபொருள் விலை, பயிர் நோய், அரசின் உதவித் திட்டங்கள் முதலியன தமிழிலேயே கிடைத்தன. மீனவர் வாழும் வீராம்பட்டினத்தில் கடலலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, நல்லவாட்டில் நிலையத்தின் ஒலிபெருக்கி விடுத்த எச்சரிக்கையால் மக்கள் பலர் உயிர் தப்பினர்.

இன்று கைப்பேசி பலர் கையிலும் உள்ளது. இனிக் கற்பித்தல் எதற்கு என்பார் உளர். ஏர் உடையவர் எல்லாரும் உழவர் ஆகார். கைப்பேசி மழைக்குறிப்பையும் காட்டும். வேண்டாத பூச்சிமருந்தின் விளம்பரத்தையும் காட்டும். மறைவெண் கேட்டுப் பொருள் கவர்வாரும் அதன் வழியே வருவர். மெய்யையும் பொய்யையும் பிரித்தறியாத சிறு உழவன் கடன்பட்டு மருந்து வாங்குவான், பயன் பெறான், நிலமும் கெடும். மண் ஆய்வின் முடிவைப் படித்தறியக் கற்றவனோ வேண்டும் அளவே உரமிடுவான். செலவும் குறையும், நிலத்தின் வளமும் வரும் தலைமுறைக்கு எஞ்சும்.

பாட்டன் கண்ட பட்டறிவே போதும் என்பாரும் உளர். அவ்வறிவு இகழத்தக்கதன்று. தன் வயலின் இயல்பை அறிந்தவனே கருவி கூறுவதை எடைபோட வல்லவன். ஆயினும், புதுவகைப் பூச்சிக்கும் மாறிவரும் மழைக்கும் பழைய அறிவு மட்டும் ஈடுகொடாது. இரண்டும் கூடுதலே நன்று.

ஆகவே, கருவியை வழங்குவதோடு கடமை முடிந்தது என்று அரசும் சான்றோரும் எண்ணலாகாது. ஊர்தோறும் பொறுமையுடன் கற்பிப்போர் வேண்டும். பள்ளியில் பயிலும் மாணவரும் மாலையில் சிறிது நேரம் பெற்றோர் அருகமர்ந்து, வானிலைச் செய்தியையும் சந்தை விலையையும் தாமே கண்டறியப் பழக்கலாம். சோறிட்ட கைக்கு எழுத்தறிவித்தல் நன்றிக்கடனாகும்.