கைக்கெட்டாத பம்பு

பழுதுறாத யந்திரம் உலகில் இல்லை. ஆனால், பழுதை நீக்கக் கை நுழையாத இடத்தில் ஓர் உறுப்பை வைத்தல் யந்திரத்தின் குற்றமன்று, வைத்தவர் குற்றமேயாகும். நமது விசைப்படகுகளின் தண்ணீர்ப் பம்பைக் குறித்து நாம் எழுதப் புகுந்தது இதன் பொருட்டே. விஷயம் சிறிதென்று நேயர்கள் தள்ளிவிடலாகாது.

ஆரம்பாக்கத்தில் நிற்போர்க்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி; தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகள். ஏரி ஆழமற்றது, ஆதலின் அதில் சிறு படகுகளே செல்லும். உள்ளே என்ஜின் பொருத்திய பெரும்படகுகளைக் காணக் காசிமேட்டிற்குச் செல்லவேண்டும். ஆலைக்கும் துறைமுகத்திற்கும் இடையே ஒரே நாளில் போய் வரும் தூரந்தான். எனினும், ஒன்றன் குறையை மற்றொன்று அறியாதிருக்கிறது.

கடல்நீரை உள்ளிழுத்து என்ஜினின் சூட்டைத் தணிப்பது இப்பம்பின் வேலை. ரப்பர் இதழ்களையுடைய சிறு சக்கரம் இதனுள் சுழல்கிறது. பாசியோ பிளாஸ்டிக் தாளோ வாயை அடைத்து நீர் நின்றால், சில நிமிஷங்களில் இதழ்கள் கருகி உடையும். உடைந்த துணுக்குகள் குளிர்விக்கும் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். அவற்றைத் தேடி எடுக்காமல் புதுச் சக்கரம் பூட்டினும் பயனில்லை. படகின் அடியிலுள்ள குழாய் வழியே நன்னீரைச் சுழற்றும் என்ஜின்களிலும் பம்பு உண்டு. அதன் ஸீல் தேய்ந்தால் அதனையும் கழற்றியே தீரவேண்டும்.

கழற்றுவது எங்ஙனம்? பம்பு பெரும்பாலும் என்ஜினின் முகப்பில் தாழ்ந்த பக்கத்தில் இருக்கிறது. மூடியின் திருகுகள் தடுப்புப்பலகையை நோக்குகின்றன. கண்ணுக்குப் புலப்படாததைத் தொழிலாளி விரலால் தடவியே அறிகிறான். ஒரு திருகு கைநழுவினால் அடித்தட்டில் தேங்கிய எண்ணெய் நீரில் மறைகிறது. கரையில் இஃது அரைநாள் வேலை. அலையாடும் நடுக்கடலில், சுடும் என்ஜினருகே, உயிரைப் பணயம் வைக்கும் வேலை. என்ஜின் நின்ற படகு, காற்றும் நீரோட்டமும் இழுத்த வழியே செல்லும்.

என்ஜின் அறையைப் பெருக்கினால் மீன் வைக்கும் இடம் குறையுமென்பர். உண்மையே. ஆனால், பம்பிற்கு நேரே ஒரு முழம் இடமும், கழற்றத்தக்க ஒரு பலகையும் விடுவதால் எத்தனை கூடை குறைந்துவிடும்? பாதி வழியில் திரும்பும் படகு டீசலையும் ஐஸையும் அன்றோ வீணாக்குகிறது! அந்த நஷ்டம் முதலாளியோடு நிற்பதன்று. பங்கிற்கு உழைக்கும் கூலியாளின் அடுப்பு வரை செல்கிறது.

1906-ஆம் வருஷத்தில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ. உ. சிதம்பரம் பிள்ளையை நாம் போற்றுகிறோம். கப்பல் வாங்குவதோடு சுதேசியம் முடிந்துவிடாது. அதன் உறுப்பைச் செய்யவும், செம்மையாக அமைக்கவும், நம் கையாலேயே பழுது பார்க்கவும் வல்லோமாதல் வேண்டும்.

ஆதலின், நாம் கேட்பன மூன்று. தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ஆம் வருஷத்தியது. படகுகளைப் பதிவு செய்யும் அதிகாரிகள், பிற உறுப்புகளை அகற்றாமலே பம்பைக் கழற்ற இயலுமா என்பதையும் பார்த்தல் வேண்டும். 1957 முதல் கொச்சியில் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையத்தார், பம்பை வேறிடத்தில் வைத்துப் பெல்ட்டால் இயக்கும் முறையை நம் படகுகளுக்கேற்ப வகுத்துத் தரவேண்டும். கும்மிடிப்பூண்டித் தொழிலதிபர்கள் பம்பையும் சக்கரத்தையும் மலிவாகச் செய்து துறைமுகத்திலேயே கிடைக்கச் செய்யவேண்டும்.

மீனவ சகோதரர்க்கும் ஒரு வார்த்தை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள தடைக்காலத்தில் பம்பைத் திறந்து பாருங்கள், ஒரு சக்கரத்தை மிகையாக உடன் கொண்டு செல்லுங்கள். சட்டம் வருவதற்குத் தாமதமாகலாம், கடல் தாமதிப்பதில்லை.