ஒன்று கண்டபின் இன்னொன்றையும் தேடுவோம்

பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது நம் கரிசல் ஊர்களில் இன்னும் மறையாத வழக்கம். நற்குணம் உடைய பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாவில் வைத்தால் அக்குணம் பிள்ளைக்கும் வரும் என்பார்கள். பாசத்தில் குறையில்லை. அந்தத் துளி இரைப்பைக்கு இறங்க வழியிருக்கிறதா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

சில ஆயிரம் பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு உணவுக்குழாய் நடுவே அடைபட்டிருக்கும். வாயில் நுரை பொங்கும். புகட்டியது மூச்சுக்குழாய்க்குள் புகும். வாய்வழியே செலுத்தும் மெல்லிய குழாய் சுமார் 10 சென்டிமீட்டரில் நின்றுவிடும். எக்ஸ்ரே அதனை உறுதிசெய்யும். 1941-இல் அமெரிக்காவில் கேமரன் ஹெய்ட் என்னும் அறுவை மருத்துவர் இத்தகைய குழாயை ஒரே அறுவையில் இணைத்து ஒரு குழந்தையைக் காப்பாற்றினார். இன்று திருநெல்வேலியிலும் மதுரையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகள் அறுவை சிகிச்சை நடைபெறுகிறது.

சிக்கல் அதன்பின்தான். இக்குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வேறொரு குறையும் இருக்கும். ஆசனவாய் இல்லாமை, முன்சிறுகுடல் அடைப்பு, இதயம், சிறுநீரகம், முதுகெலும்பு ஆகியவற்றின் குறைகள் சேர்ந்து வரலாம். ஒன்று மற்றொன்றை மறைப்பதும் உண்டு. முன்சிறுகுடல் அடைபட்டால் எக்ஸ்ரேயில் இரண்டு காற்றுக் குமிழிகள் தெரியும். உணவுக்குழாயும் முற்றாக மூடி, மூச்சுக்குழாயோடு இணைப்பும் இல்லையெனில் வயிற்றுக்குள் காற்றே போகாது, குமிழியும் தெரியாது. பெண் குழந்தைக்கு மலம் வேறொரு துளை வழியே கசிந்தால், மலம் போய்விட்டது என்று குடும்பத்தார் நிம்மதியடைவார்கள்.

ஆகவே, முதற்குறை தெரிந்ததும் "இன்னும் எத்தனை சோதனை?" என்று மருத்துவரிடம் சினப்பது முறையன்று என்பதே என் கருத்து. ஆசனவாய் இல்லாத குழந்தைக்கு, குடலின் கடைசிவரை காற்று இறங்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதற்குமுன் எடுக்கும் எக்ஸ்ரே தவறான உயரத்தைக் காட்டக்கூடும். அந்தக் காத்திருப்பு அலட்சியமன்று. அதற்குள் இதய எக்கோவும் சிறுநீரக ஸ்கேனும் எடுத்துவிடலாம்.

மருத்துவமனைக்கும் ஒரு கடமை உண்டு. ஆசனவாயைப் பார்த்தோம், வழி இருக்கிறது என்பதை ஒவ்வொரு குடும்பத்தாரிடமும் வாய்திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிடில் நீங்கள் கேளுங்கள். 24 மணி நேரத்தில் கரும்பச்சை மலம் போகவில்லையா, வாந்தி பச்சை நிறமா, உடனே சொல்லுங்கள். பச்சை வாந்திக்கு விடியும்வரை பொறுக்கலாகாது. 108 வண்டியில் நெல்லைக்கு அனுப்பினால், வழியில் பிள்ளை அழுகிறதே என்று எதையும் புகட்டாதீர்கள். உடம்பின் சூடு குறையாமல் போர்த்தி, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள்.

தாய் கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்ற பேச்சு வார்டு வாசலிலேயே காதில் விழுகிறது. இந்த உறுப்புகளுள் பெரும்பாலானவை உருப்பெறுவது கருவின் நான்காம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள். தான் கருவுற்றிருப்பதே பல தாய்மார்களுக்கு அப்போது தெரிந்திருக்காது.