கொளத்தூர் காடும் டெல்லியின் கையும்

பயங்கரவாதம் என்பது அடுத்த நாட்டுக்காரன் நம் மேல் ஏவிவிடுவது. இந்தியா அதில் அடி வாங்கிய நாடு, யார் மேலும் எதையும் ஏவாத நாடு. ராசிபுரத்தில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் ஊறிப்போன நம்பிக்கை இது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் கேட்கலாம், பள்ளி ஆண்டுவிழா மேடையிலும் கேட்கலாம். இந்த நம்பிக்கையின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி பொய். அந்தப் பொய்க்குச் சாட்சி தேடி காஷ்மீர எல்லை வரை போக வேண்டியதில்லை. நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பு நாமும் சேர்ந்திருந்த சேலம் மாவட்டத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

மேட்டூர் அணையைத் தாண்டினால் கொளத்தூர். இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் காட்டில் விடுதலைப் புலிகள் பயிற்சி முகாம் நடத்தினார்கள். இன்று திராவிடர் விடுதலைக் கழகத் தலைவராக இருக்கும் கொளத்தூர் மணி அதற்குத் தன் நிலத்தைத் தந்தார்; அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. அந்த இடத்துக்குப் புலியூர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. திண்டுக்கல் சிறுமலையில் இன்னொரு முகாம். மற்ற ஈழக் குழுக்களில் ஒரத்தநாட்டுப் பக்கம் புளொட், கும்பகோணத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். இதற்கெல்லாம் முன்பே டேராடூன் பக்கத்து மலையில் 'ரா' உளவுத்துறையின் ஏற்பாட்டில் ஈழ இளைஞர்களுக்கு ஆயுதப் பயிற்சி தொடங்கியிருந்தது. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், உள்ளூர் போலீசுக்குத் தெரியும், கோட்டைக்கும் தெரியும். 1984 மார்ச்சில் 'இந்தியா டுடே' இதை விரிவாக எழுதியது. அப்படி எந்த முகாமும் இந்திய மண்ணில் இல்லை என்றே டெல்லி உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

கொளத்தூரில் பயிற்சி நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் தி ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. நிகரகுவா அரசை எதிர்த்த கான்ட்ரா படைக்கு அமெரிக்கா ரகசியமாகப் பயிற்சியும் ஆயுதமும் தந்ததும், அந்த நாட்டுத் துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்ததும் சர்வதேச சட்டத்தை மீறிய செயல் என்று 1986 ஜூன் 27 அன்று தீர்ப்பு வந்தது. அமெரிக்கா அந்தத் தீர்ப்பை மதிக்கவில்லை. அண்டை நாட்டு ஆயுதக் குழுவுக்கு ரகசியமாகப் பயிற்சி தருவது நிகரகுவாவில் குற்றமென்றால் மேட்டூரில் மட்டும் அது எப்படித் தர்மமாகும்?

"நம் இனம் கொளுத்தப்பட்டபோது கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறாயா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கொழும்பில் வீடு வீடாகத் தேடித் தமிழரை அடித்துக் கொன்ற அந்த ஜூலையில் கொதித்தது நியாயமான கொதிப்பு. கடையடைத்தவர்களும் உண்டியலில் காசு போட்டவர்களும் இளைஞர்களுக்குச் சோறு போட்டவர்களும் மனிதர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நான் குற்றம் சாட்டுவது அவர்களை அல்ல. அந்தக் கொதிப்பைத் தன் கணக்குக்குப் பயன்படுத்திக்கொண்ட டெல்லியை.

அந்தக் கணக்கு என்ன என்று அறிய 1987 ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் மாற்றிக்கொண்ட கடிதங்களைப் பார்த்தால் போதும். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குக் கேடாக வேறு நாட்டு ராணுவம் பயன்படுத்த விடக்கூடாது. அங்கிருக்கும் எண்ணெய்க் கிடங்குகளை இரு நாடுகளும் சேர்ந்து சீரமைக்க வேண்டும். வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் ராணுவ, உளவு வேலைக்கு உதவக்கூடாது. வெளிநாட்டு ராணுவ ஆட்கள் இந்திய உறவைக் கெடுக்கக்கூடாது. டெல்லியின் சொந்தத் தேவைகள் அந்தக் கடிதங்களில் வரிசையாக இருக்கின்றன. அன்றே கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் எந்தத் தமிழ்க் குழுவும் கையெழுத்திடவில்லை. அவர்களைக் கையெழுத்திடக் கூப்பிடவும் இல்லை.

இன்னொரு சான்று, ஒரே குழுவுக்கு உதவாமல் பல குழுக்களுக்கு ஒரே நேரத்தில் ஆயுதம் கொடுத்தது. ஒரு மக்களின் விடுதலைக்கு உதவ நினைப்பவர் அவர்களைப் பிரித்துத் தனித்தனியே துப்பாக்கி தரமாட்டார். எந்தக் குழுவும் கைமீறிப் போகக்கூடாது என்று நினைப்பவர்தான் அப்படிச் செய்வார். விளைவு 1986-இல் தெரிந்தது. ஏப்ரல் கடைசியில் யாழ்ப்பாணத்தில் புலிகள் இன்னொரு ஈழக் குழுவான டெலோவின் மேல் பாய்ந்தார்கள். மே முதல் வாரத்தில் டெலோ தலைவர் சிறீசபாரத்தினம் கொல்லப்பட்டார். தமிழ் இளைஞர்கள் தமிழ் இளைஞர்களை வேட்டையாடினார்கள். அந்த ரத்தத்தில் டெல்லிக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

கொழும்பும் சும்மா இருக்கவில்லை. 1984 முதல் இஸ்ரேலிய உளவு ஆலோசகர்களை வரவழைத்தது. கீனி மீனி சர்வீசஸ் என்ற பிரிட்டிஷ் கூலிப்படை நிறுவனம் இலங்கைப் போலீசின் அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது. ஆக, ஒரு சின்னத் தீவில் இரண்டு பக்கமும் அந்நியக் கை. இரண்டு கைகளும் கையுறை போட்ட கைகள்.

இனி நடந்த திருப்பத்தைப் பாருங்கள். 1984-இல் டெல்லிக்குப் புலிகள் பாதுகாக்க வேண்டிய பையன்கள், கொழும்புக்குப் பயங்கரவாதிகள். 1987 அக்டோபரில், ஒப்பந்தத்தின்படி இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை அதே புலிகளோடு போர் தொடங்கியது. 1989-இல் அமைதிப்படையை விரட்ட விரும்பிய இலங்கை அதிபர் பிரேமதாசா அதே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தார். டெல்லியோ வடகிழக்கில் தமிழ் தேசிய ராணுவம் என்ற ஒன்றை உருவாக்கி, பள்ளிப் பையன்களைக் கூடப் பிடித்துக்கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்குத் துணை நின்றது. ஐந்தே ஆண்டுகளில் கொழும்பின் பயங்கரவாதி கொழும்பின் கூட்டாளி, டெல்லியின் பையன் டெல்லியின் எதிரி. அந்த ஐந்தாண்டில் புலிகள் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. மாறியது கொடுத்த கைகளின் தேவை மட்டுமே. 1990 மார்ச்சில் அமைதிப்படை கப்பலேறியது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் திரும்பவில்லை. நம்பி நின்ற தமிழ் தேசிய ராணுவப் பையன்களைப் புலிகளின் துப்பாக்கிக்கு முன்னால் விட்டுவிட்டு டெல்லி போய்விட்டது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் உடனிருந்த பலரும் புலிகளின் குண்டுக்குப் பலியானார்கள். 1993 மே 1 அன்று பிரேமதாசாவும் அப்படியே பலியானார்.

இத்தனையும் கேட்ட பிறகு சிலர் எதிர்த்திசையில் போய், "ஒருத்தருக்குப் பயங்கரவாதி, இன்னொருத்தருக்குப் போராளி, அவ்வளவுதான் விஷயம்" என்று கைகழுவிவிடுவார்கள். அதுவும் அதே பொய்யின் மறுபக்கம். 1985 மே 14 அன்று அனுராதபுரத்தில் புலிகள் சுட்டுக் கொன்ற 146 பேர் பஸ்ஸுக்கு நின்றவர்கள், கும்பிட வந்தவர்கள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் பேசியதும் தமிழ்தான். இதைச் சொன்னால் இனத்துரோகி என்பார்கள். இதைச் சொல்லாமல் இருப்பதுதான் அறத்துக்குச் செய்யும் துரோகம். அதே நாவால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து டாக்டர்களையும் நர்சுகளையும் நோயாளிகளையும் சுட்டுக் கொன்றவர்கள் இந்திய வீரர்கள். அனுராதபுரத்துக்குப் பயங்கரவாதம் என்று பெயர் வைத்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு என்ன பெயர் வைத்தார்கள்? இன்றுவரை ஒரு பெயரும் வைக்கவில்லை.

ஆயுதமில்லாதவரை அச்சுறுத்துவதற்காகக் கொல்வது பயங்கரவாதம். கொன்றவர் போட்டிருந்த சீருடை, பேசிய மொழி, ஆயுதம் கொடுத்தனுப்பிய அரசு எதுவும் அந்தச் செயலின் தன்மையை மாற்றாது. அளவுகோல் இது ஒன்றுதான். இதை ஒத்துக்கொள்ள அரசுகள் தயாரில்லை. பயங்கரவாதம் குறித்த முழுமையான உடன்படிக்கை ஒன்றை ஐ.நா.வில் இந்தியாவே 1996-இல் முன்மொழிந்தது. இன்றுவரை அது நிறைவேறவில்லை. எது பயங்கரவாதம் என்பதில் நாடுகளுக்குள் உடன்பாடு வரவில்லை. தென்னாப்பிரிக்காவின் அதிபராக இருந்து ஓய்வுபெற்ற நெல்சன் மண்டேலாவின் பெயர் 2008 வரை அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் கிடந்தது. சோவியத் படைக்கு எதிராக ஆப்கானிய முஜாகிதீன்களுக்குத் தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர் ஏவுகணைகளைக் கொடுத்தது அதே அமெரிக்கா.

பயங்கரவாதி என்ற முத்திரை என்ன செய்யும் என்பதை 2009 காட்டியது. முள்ளிவாய்க்காலில் தாக்குதலற்ற வலயம் என்று அறிவித்த இடத்தின் மேலேயே இலங்கை ராணுவம் குண்டு போட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் பயங்கரவாதத்துக்கு எதிரான போர் என்று பதில் வந்தது. பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011-இல் சொன்னது. புலிகள் அந்த மக்களைத் தப்பிப் போகவிடாமல் தடுத்ததையும் அதே அறிக்கை சொன்னது. பயங்கரவாதி என்ற ஒற்றைச் சொல்லை ஏற்றுக்கொண்ட உலகம் அந்த மக்களைக் கணக்கில் வைக்கவில்லை.

உள்நாட்டில் அந்த முத்திரை பேச்சின் மேலும் விழுந்தது. 2002-இல் திருமங்கலத்தில் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக வைகோ பொடா சட்டத்தில் கைதாகி 19 மாதம் சிறையில் இருந்தார். வெறும் தார்மிக ஆதரவு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் விளக்கியது. ராஜீவ் கொலை வழக்கிலும் 1999-இல் அதே நீதிமன்றம் கொலைக்குத் தண்டனை தந்தது. ஆனால் தடா சட்டத்தின் பயங்கரவாதக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அதை ரத்து செய்தது. இவ்வளவு நிதானம் நீதிபதிகளுக்கே தேவைப்பட்ட இடத்தில், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு விசாரணையே இல்லாமல் ஒரு தனிமனிதரைப் பயங்கரவாதி என்று மத்திய அரசு அறிவிக்கலாம்.

இப்போது புதிதாக ஒரு கொண்டாட்டம் கிளம்பியிருக்கிறது. 2023 செப்டம்பரில், தன் மண்ணில் நடந்த ஒரு கொலையில் இந்திய அரசின் ஆட்களுக்குத் தொடர்பு இருப்பதாகக் கனடா குற்றம் சாட்டியது, இந்தியா மறுத்தது. உண்மை எதுவாயினும், அரசே மறுத்த ஒன்றை நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சாதனை என்று கைதட்டினார்கள். அடுத்தவன் வீட்டுக்குள் ஆள் அனுப்பிக் கொல்வது வீரமென்றால், நம் வீட்டுக்குள் அனுப்பியவனை எந்த வாயால் கோழை என்போம்? இந்தக் கைதட்டலில் பழைய நம்பிக்கையே உடைகிறது: நாம் யார் மேலும் எதையும் ஏவாதவர்கள் என்றவர்கள்தான், ஏவினால் என்ன என்கிறார்கள்.

இதற்கெல்லாம் விலை கொடுப்பவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பரமத்தி வேலூர், மேட்டுப்பட்டி முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள் எந்த உளவுத்துறையின் திட்டத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல. 1983-இல் அனுதாபத்துக்குரியவர்களாக வரவேற்கப்பட்ட அவர்கள் 1991-க்குப் பிறகு சந்தேகத்துக்குரியவர்களானார்கள். வாடகை வீடு கேட்டால் யோசித்தார்கள். வேலை கேட்டால் யோசித்தார்கள். போலீசின் கியூ பிரிவின் கண் எப்போதும் மேலேயே இருந்தது. தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் சுமார் 58,000 பேரில் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிமல்லாத சிறுபான்மையினரைச் சேர்த்தது, இவர்களைச் சேர்க்கவில்லை. துப்பாக்கி கொடுத்த அரசு தன் பங்குக்குப் பதில் சொல்லவில்லை. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் நாற்பது ஆண்டுகளாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

'ரா' 1968-இல் தொடங்கப்பட்டது. அதற்கென்று நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கிடையாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதைப் பெரும்பாலும் தொடாது. அமெரிக்காவிலாவது 1975-இல் செனட்டின் சர்ச் குழு, தன் நாட்டு உளவுத்துறை பிற நாட்டுத் தலைவர்களைக் கொல்லத் தீட்டிய சதிகளைப் பொதுவில் வைத்தது. இங்கே ராஜீவ் கொலையை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை 1997-இல் ஈழக் குழுக்களுக்கான பயிற்சியைப் பற்றி எழுதியபோது, குஜ்ரால் அரசைக் கவிழ்க்க அது பயன்பட்டது. அந்தப் பயிற்சிக்கு உத்தரவிட்டவர்களைக் கேள்வி கேட்கப் பயன்படவில்லை.

ஆகவே 1983 முதல் 1990 வரையிலான கோப்புகளைத் திறக்க வேண்டும். உளவுத்துறை நாடாளுமன்றக் குழுவுக்குக் கட்டுப்பட வேண்டும். யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக் கொலைக்கு இந்தியா மன்னிப்புக் கேட்க வேண்டும். முகாமில் இருப்பவர்களில் விரும்புகிறவர்களுக்குக் குடியுரிமை தர வேண்டும். இந்த நான்கையும் கேட்கத் துணியாத தேசபக்தி பயத்துக்கு வைத்த நல்ல பெயர். இஸ்லாமாபாத்தைப் பார்த்து நாம் நீட்டும் விரல் நியாயமானது. அதே விரலைக் கொளத்தூர் காட்டை நோக்கியும் நீட்டும்போதுதான் அந்த நியாயத்தை உலகம் நம்பும்.